சூப்பர்வைசர் ஆகிவிட்டேன், பேச வரவில்லை

கேள்வி:

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் பத்து வருடம் ஓவர்லாக் டெய்லராக (துணி ஓரம் தைக்கும் மெஷினில்) இருந்தேன். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லைனில் 32 பேர். பாதிப் பேர் என்னோடு ஒன்றாக மெஷினில் உட்கார்ந்தவர்கள். வேலை சொன்னால், "நேத்து வரைக்கும் எங்ககூடத்தானே இருந்தே" என்கிறார்கள். மீதிப் பேரில் ஒடிசா, பீகார் பெண்கள் அதிகம். எனக்கு இந்தி தெரியாது. காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் எனக்கு வாயே திறப்பதில்லை. ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் சத்தம் போடுகிறார். அந்தக் கோபத்தை லைனில் காட்டிவிட்டு, ராத்திரி தூங்காமல் வருத்தப்படுகிறேன். கம்பெனியில் ஒரு ஓட்டலில் வைத்து இரண்டு நாள் லீடர்ஷிப் டிரெய்னிங் கொடுத்தார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது; லைனுக்கு வந்ததும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆளுமை வளர்ச்சி வகுப்பு ஒன்றில் சேர 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? இல்லை, பேசாமல் மெஷினுக்கே திரும்பிவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மெஷினுக்கும் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம்.

கோவை, திருப்பூர் பக்கத்து ஆலைகளில் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நன்றாகத் தைப்பவரைப் பார்த்து, "நீ லைனைப் பார்த்துக்கோ" என்கிறார்கள். தைக்கப் பத்து வருடம் பழகியவருக்கு, முப்பது பேரிடம் பேசி வேலை வாங்க மட்டும் இரண்டு நாள் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. அந்த இரண்டு நாள் பயிற்சி உதவவில்லை என்பதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நீங்கள் கேட்டீர்கள், செய்து பார்க்கவில்லை. ஓட்டல் ஹாலில் உங்கள் லைனும் இல்லை, உங்கள் தோழிகளும் இல்லை, இன்சார்ஜும் இல்லை.

நீங்கள் ஓவர்லாக் கற்றுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். வேஸ்ட் துணியைக் கொடுத்து ஓட்டச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து, தையல் கோணினால் பிரித்து மறுபடி போடச் சொல்லியிருப்பார். கை பழகும்வரை யாரோ ஒருவர் வந்து வந்து பார்த்திருப்பார். பேசி வேலை வாங்குவதும் கை பழகுவது மாதிரிதான் வரும். இடம் உங்கள் லைன், நேரம் உங்கள் ஷிப்ட், கூடவே யாராவது ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பயிற்சிக்கு, கம்பெனி காசானாலும் உங்கள் காசானாலும், செலவு வீண் என்பது என் உறுதியான கருத்து.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ஆலைகளில் உங்களுடைய பிரச்சினை பெரிய அளவில் வந்தது. பழகிய ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். ஆலைப் படியையே மிதிக்காத பெண்களும் இளைஞர்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வேலை வாங்க வேண்டியவர்கள், அதுவரை மெஷினில் நின்ற புது சூப்பர்வைசர்கள். அவர்களுக்காக அந்நாட்டு அரசு 1940 முதல் 1945 வரை 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்று ஒரு திட்டத்தை நடத்தியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். ஒரு பாடம் என்பது மொத்தம் பத்து மணி நேரம், அதுவும் இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து தடவை. குழு சிறியது, பத்துப் பேர் அளவில். வருகிற ஒவ்வொருவரும் தன் ஆலையில் உண்மையிலேயே நடக்கிற ஒரு வேலையையோ ஒரு பிரச்சினையையோ கொண்டுவந்து, மற்றவர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவில் புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் விதம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதில் சொன்ன பல விஷயங்களை உங்கள் லைனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒடிசா, பீகார் பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மொழியைப் பெரிய தடையாக நினைக்கிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் சின்னதாகத்தான் பார்க்கிறேன். நம் ஊர்ப் பெண்ணிடமே வேலையைச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "புரிஞ்சுதுங்க்கா." புரியாவிட்டாலும் அதே பதில்தான். இந்தியில் கேட்டால் "ஹான் தீதி" என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கழுத்து ரிப், அதாவது பனியன் கழுத்தில் வருகிற இழுபடும் பட்டி, வைக்கிற வேலையை எடுத்துக்கொள்வோம். போவதற்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் அந்த வேலையை நாலைந்து படியாக உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் எது தவறினால் பீஸ் கெடும் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். ரிப்பைச் சமமாக இழுக்க வேண்டும், பாடித் துணியை இழுக்கக் கூடாது. இழுத்தால் கழுத்து அலையடிக்கும். இப்படிக் காரணத்தோடு எழுத வேண்டும். பத்து வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலையை இப்படி எழுதும்போதுதான், எவ்வளவை நீங்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறீர்கள் என்று தெரியும். அப்புறம் அந்தப் பெண் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் வலது கை அவளுக்கு இடது கையாகத் தெரியும். ஒரு தடவை சும்மா செய்து காட்டுங்கள். இன்னொரு தடவை, மெதுவாக, கெடுகிற இடத்தில் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டுங்கள். அலையடித்த ஒரு பீஸையும் சரியான ஒரு பீஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம். பிறகு அவளைச் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு தடவை செய்யும்போது, கெடுகிற இடத்தை அவள் உங்களுக்குக் காட்ட வேண்டும். அவள் காட்டிவிட்டால் புரிந்துவிட்டது. காட்டவில்லை என்றால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது போதவில்லை, மறுபடி ஆரம்பியுங்கள். கிளம்பும்போது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு ஆளைக் காட்டிவிட்டு வாருங்கள். அரை மணி கழித்து ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, அடுத்த நாள் காலையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கூடவே இந்தி வார்த்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். லைனில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: இழு, இழுக்காதே, நிறுத்து, பிரி, நன்றாக இருக்கிறது, தண்ணீர் குடித்தாயா, உடம்புக்கு என்ன, எண்கள். அந்தப் பெண்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் தங்களிடம் ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, ஹாஸ்டலில் தங்கி, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மொத்தமாக "இந்திக்காரப் பொண்ணுங்க" என்றே இங்கே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொருவர் பெயரையும் சரியான உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் ஒரு உத்தியாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய மரியாதை அது.

இனி உங்கள் தோழிகள். இது கடினமான பகுதி, மனசு வலிக்கிற பகுதியும்கூட.

"நேத்து வரைக்கும் எங்ககூடத்தானே இருந்தே" என்பதை நீங்கள் எதிர்ப்பாகக் கேட்கிறீர்கள். அதில் எதிர்ப்பு கொஞ்சம்தான். இனிமேல் நாம் யார், நீ எங்கள் பக்கமா ஆபீஸ் பக்கமா என்ற பயம்தான் அதிகம். சத்தம் போட்டாலும் அந்தப் பயம் தீராது, சலுகை காட்டினாலும் தீராது. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். டீ நேரம் போதும். "அக்கா, நான் உங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன். அது மாறாது. ஆனா லைன்ல யாருக்கு எந்த மெஷின், யாருக்கு எப்ப பர்மிஷன்ங்கறதுல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடந்துக்குவேன். உங்களுக்கும் அப்படித்தான். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா எங்கிட்ட நேரா சொல்லுங்க." இதை உங்கள் வாய்க்கு வருகிற வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சரியாக இருக்கிற வாக்கியம் வாயில் வரும்போது தடுக்கும். அந்தத் தடுக்கலை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

வயதில் மூத்தவர்களை அக்கா என்றே கூப்பிடுங்கள். பதவி வந்ததும் கூப்பிடுகிற முறையை மாற்றியவர்களை லைன் மன்னிப்பதில்லை. நியாயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுலபமான ஆபரேஷன் யாருக்குப் போகிறது, கைமடிக்க (தைக்கிறவருக்குத் துணையாக) ஆள் யாருக்கு முதலில் கிடைக்கிறது, ஒன்றரை ஷிப்ட் யாரை நிற்கச் சொல்கிறீர்கள், ஷிப்ட் முடிந்ததும் யாரை முதலில் விடுகிறீர்கள், இந்த நான்கைத்தான் 32 பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் என்ன பேசினாலும் இந்த நான்கும் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சு எடுபடாது. ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். "என்னையே எப்பவும் நிறுத்தறே" என்று ஒருவர் சொன்னால், நோட்டை எடுத்துச் சேர்ந்து பார்க்கலாம். சில சமயம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அப்போது மாற்றிக்கொடுங்கள்.

மாற்றங்களை முன்னாலேயே சொல்வது இன்னொரு விஷயம். நாளைக்கு ஸ்டைல் மாறுகிறது, ஒருவரை ஓவர்லாக்கிலிருந்து ஃபிளாட்லாக் என்கிற வேறு வகை மெஷினுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், இன்று மாலையே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். காலையில் வந்து உட்கார்ந்த பிறகு "எந்திரிச்சு அங்க போ" என்பதில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது. நல்லது நடந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். "சூப்பர்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்னிக்கு உங்க பண்டில்ல ஒரு ஆல்டர்கூட (திருத்தத் திரும்பி வரும் பீஸ்) வரலக்கா" என்று எதைப் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள்.

சத்தம் போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் இதைக் குணமாக நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்குக் காரணம் இடம்தான். நூறு மெஷின் ஓடுகிற ஹாலில் பத்தடி தள்ளி நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாலே அது கத்தலாகத்தான் வரும். கேட்பவருக்கு அது திட்டாகவே விழும், சுற்றி இருக்கிற பத்துப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் கத்துவதே நம் பேச்சு முறையாகிவிடும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தூரத்திலிருந்து யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நடந்து போங்கள். அவர் தைத்து முடிக்கும்வரை நில்லுங்கள். மெஷின் நின்றதும் அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்றால் பேச்சு அந்த ஆளைப் பற்றியது ஆகிவிடுகிறது. "இந்தத் தோள் பாருங்க, நாட்ச் (வெட்டு அடையாளம்) ரெண்டும் சேரல, கை வைக்கும்போது முறுக்கும்" என்றால் அது தையலைப் பற்றியது. நடந்து போகிற அந்தப் பத்தடியில் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பது கூடுதல் லாபம்.

திரும்பத் திரும்ப ஒருவரிடம் தவறு வந்தால், திட்டுவதற்கு முன்னால் விஷயத்தைச் சேகரியுங்கள். எப்போதிலிருந்து? எந்த ஆபரேஷனில்? மெஷினில் ஏதாவதா? வீட்டில் ஏதாவதா? அவரே என்ன சொல்கிறார்? கண் பார்வை மங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு, டார்க் நிறத் துணியில் மட்டும் தவறு செய்யும் டெய்லர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை கண்ணாடி. மெமோ கொடுத்தால் நல்ல டெய்லரை இழப்பீர்கள்.

சரி, காலை மீட்டிங். வாய் திறக்காததற்குக் காரணம் கூச்சம் என்று நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது: கையில் எதுவும் இல்லாமல் போகிறீர்கள். மணிக்கு மணி எழுதுகிற புரொடக்‌ஷன் போர்டு உங்கள் லைனில் இருக்கும். அதை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிக்கொண்டு போங்கள். மூன்றே வாக்கியம் பேசுங்கள்: என்ன நடந்தது, ஏன், எனக்கு என்ன வேண்டும். உதாரணத்துக்கு, "நேத்து மணிக்கு 60 வரணும் சார், மதியம் ரெண்டு மணி நேரம் 41தான் வந்துச்சு. ரிப் கட்டிங்லருந்து வர லேட் ஆச்சு. இன்னிக்கு பதினொரு மணிக்குள்ள ரிப் வந்துட்டா, கைமடிக்க ஒரு ஆள் சேத்துக் கொடுத்தா, விட்டதைப் பிடிச்சிரலாம்." இதில் அழகான பேச்சு எதுவும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஆனால் இப்படிப் பேசுகிறவரை யாராலும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் வாரம் எண்ணை மட்டும் சொல்லுங்கள், போதும். காரணத்தையும் கோரிக்கையையும் அடுத்தடுத்துச் சேர்க்கலாம்.

எட்டாத டார்கெட்டை ஒத்துக்கொண்டு வருவதும் பேசாமல் இருப்பதன் விளைவுதான். மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு வந்தால் அந்தச் சுமை முழுக்க லைன் மேல்தான் விழும். "முடியாது" என்று சொல்ல பயமாக இருந்தால், "இப்ப இருக்கிற ஆளுக்கு 480 வரும் சார். 550 வேணும்னா இன்னும் ஒரு ஃபிளாட்லாக் வேணும்" என்று கணக்காகச் சொல்லலாம். ஸ்பீடு எவ்வளவு வரும், எங்கே தேங்கும் என்று பத்து வருடம் மெஷினில் உட்கார்ந்த உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு அந்த அறையில் இருக்கிற பலருக்குத் தெரியாது. உங்களை ஏன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

இன்சார்ஜ் விஷயம். அவர் உங்களைத் திட்டுகிறார், நீங்கள் லைனைத் திட்டுகிறீர்கள். அவருக்கு மேலே ஒருவர் அவரையும் திட்டிக்கொண்டிருப்பார். ஷிப்மென்ட் தேதியின் அழுத்தம் மேலிருந்து கீழே வந்து, கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண் மேல்தான் இறங்குகிறது. இதை எங்கேயாவது ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். உங்களால் நிறுத்த முடிகிற இடம் உங்களுடைய இடம்தான். திட்டு வாங்கியதும் நேராக லைனுக்குப் போகாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு, போர்டைப் பார்த்துவிட்டு, எந்த மெஷினில் தேங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டு போங்கள். அன்றைக்கே அல்லது அடுத்த நாள், அவர் கொஞ்சம் நிதானமாக இருக்கும்போது தனியாகச் சொல்லுங்கள்: "சார், தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். எல்லார் முன்னாலயும் சொன்னா அப்புறம் லைன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா உங்களுக்கும் வேலை சீக்கிரம் நடக்கும்." பல இன்சார்ஜ்கள் இதற்கு மாறுகிறார்கள். தன் வேலையும் கெடுகிறது என்று தெரிந்தால் மாற ஒரு காரணம் கிடைக்கிறது.

மாறாதவர்களும் உண்டு. வார்த்தை கெட்ட வார்த்தையானால், உடம்பைப் பற்றியோ பெண் என்பதைப் பற்றியோ போனால், அதைப் பேச்சுத் திறமையால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வொரு இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் லைன் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், சொல்ல வேண்டியவர் நீங்கள். திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த பெண் 2021-ல் கொல்லப்பட்டதற்குப் பிறகு, 2022-ல் தொழிற்சங்கமும் ஆலை நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். லைனில் வேலை செய்கிற தொழிலாளிகளையே தேர்ந்தெடுத்து, துன்புறுத்தலைக் கவனித்துப் பேச அதில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி என்றால் சூப்பர்வைசருக்கு எப்படிப் பேசுவது என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது, கீழே இருப்பவர் பயமில்லாமல் பேசவும் வழி வேண்டும் என்பதை நம் ஊரிலேயே செய்து காட்டிய ஏற்பாடு அது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 18,000 ரூபாய் வேண்டாம் என்றேன் அல்லவா? பெங்களூரு ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007-ல் தொடங்கிய பேஸ் என்ற பயிற்சியை, தையல் லைனில் இருக்கும் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். பேசுவது, பிரச்சினையைத் தீர்ப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் சமாளிப்பது போன்ற பாடங்கள். வாரம் சுமார் இரண்டு மணி நேரம், மாதக்கணக்கில், மொத்தம் 80 மணி நேரம் போல. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட 13.5 சதவீதம் அதிகமாக இருந்தது. பயிற்சிக்குச் செலவழித்ததைப்போல இரண்டரை மடங்கு கம்பெனிக்கு நிகர லாபமாக வந்தது. அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? அரை சதவீதம்.

இதை நான் எப்படிப் படிக்கிறேன் என்றால்: இந்தப் பயிற்சி வேலை செய்கிறது, அதன் பலன் பெரும்பாலும் கம்பெனிக்குத்தான் போகிறது. அப்படியிருக்க, செலவை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்? இன்னொன்றையும் கவனியுங்கள். பலன் தந்த பயிற்சி வாரா வாரம், ஆலையிலேயே, மாதக்கணக்கில் நடந்தது. உங்களுக்குக் கிடைத்தது தொடர்ந்தாற்போல் இரண்டு நாள்.

அதனால் எச்.ஆரிடம் போய், "எனக்குப் பயிற்சி பத்தவில்லை" என்று சொல்லாமல், என்ன வேண்டும் என்று கேளுங்கள். புது சூப்பர்வைசர்கள் எட்டு பத்துப் பேர் இருந்தால் ஒரு குழுவாக, வாரம் இரண்டு மணி நேரம், வேலை நேரத்துக்குள், தமிழில். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் லைனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைப் பேசிப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் இடையிடையே லைனுக்கு வந்து, நீங்கள் வேலை சொல்வதைப் பார்த்துவிட்டு, தனியாக உங்களிடம் சொல்ல வேண்டும். இன்சார்ஜ்களும் ஒரு அமர்வாவது உட்கார வேண்டும். கீழே ஒரு மாதிரி பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு மேலே பழைய மாதிரியே கத்தினால் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. கம்பெனி உடனே ஒத்துக்கொள்ளாவிட்டால், பக்கத்து லைனில் இருக்கும் அனுபவமுள்ள சூப்பர்வைசர் ஒருவரிடம், வாரம் ஒரு நாள் உங்கள் லைனில் பத்து நிமிஷம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காசில்லாத பயிற்சி, அந்த ஓட்டல் பயிற்சியைவிட நல்ல பயிற்சி.

ஆங்கிலம் தெரியவில்லையே என்ற கவலையும் இருந்தால், அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். டெக் பேக்கிலும் (ஸ்டைலின் விவரத் தாள்) மெஷர்மென்ட் சார்ட்டிலும் (அளவுப் பட்டியல்) இருக்கிற வார்த்தைகளைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் வேலைக்குப் போதும். அவை பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மெஷினுக்குத் திரும்புவது பற்றி. பங்களாதேஷ் ஆயத்த ஆடை ஆலைகளில் ஒரு காலத்தில் தைப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்களாக இருந்தார்கள். சூப்பர்வைசர்களில் இருபதுக்கு ஒருவர் கணக்கில்தான் பெண்கள் என்றிருந்த அந்த நிலையில், பெண் டெய்லர்களைப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர் ஆக்கிப் பார்த்த ஒரு ஆராய்ச்சி உண்டு. ஆரம்பத்தில் லைன் ஆட்களே அவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள், லைனும் கொஞ்சம் பின்தங்கியது. சில மாதங்கள் போனதும் ஆண் சூப்பர்வைசர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. நீங்கள் இருப்பது மூன்றாவது மாதத்தில். பின்தங்குகிற அந்தக் காலத்தின் நடுவில் நின்றுகொண்டு, எனக்கு வராது என்று முடிவுகட்டுகிறீர்கள். இன்னும் ஒரு மூன்று நான்கு மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் மெஷினுக்குத் திரும்புவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. நல்ல ஓவர்லாக் டெய்லருக்கு இந்த ஊரில் என்றைக்கும் வேலை உண்டு. பிடிக்காததால் திரும்புங்கள், பயந்து திரும்பாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதவி உயர்வு ஆர்டர் எழுத்தில் கொடுத்தார்களா? டெய்லராக ஓவர்டைம் சேர்த்து வாங்கியதைவிட இப்போது கைக்கு வருவது குறைந்திருக்கிறதா? மாதச் சம்பளம் என்று மாற்றிவிட்டு ஓவர்டைமை நிறுத்திவிடுவதால் பல பேருக்கு அப்படி நடக்கிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பழைய எண்ணிலேயே தொடர்கிறதா? பயிற்சி கேட்டு எச்.ஆரிடம் போகும் அதே நாளில் இதையும் கேளுங்கள், கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.